அரை மில்லிமீட்டர்

தென்காசியில் அப்பாவின் பாத்திரக்கடை மாடியில் சத்யபிரியா ரிமோட் கார்களுக்குப் பாடி செய்துகொடுத்தாள். சூட்டில் தொய்ந்த பிளாஸ்டிக் ஷீட்டை மர அச்சின் மேல் கவிழ்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் காரின் வடிவம் வந்துவிடும். ஓரம் வெட்டி, உட்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டும். எடை குறையக் குறைய வேகம். கோவையிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

அவற்றை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்பவள் ஜாய். நர்சிங் படித்தவள், ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. "பின்னால தூக்குதுட்டி, றெக்கைய ஒரு நூல் ஏத்து" என்பாள். ஏற்றினால் சரியாகிவிடும்.

ஜாய்க்குக் குவைத்தில் வேலை வந்தது. அதே வாரம், குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு நடக்கும் ரிமோட் கார் போட்டியில் ஜெயிப்பவருக்கு, ஊரிலிருந்தே பார்க்கும் டெஸ்ட் டிரைவர் வேலை தருவதாக ரிமோட் கார் தயாரிக்கும் பெங்களூர் கம்பெனி ஒன்று அறிவித்தது. ஜாயின் அப்பா ஏசுவடியான், "ஜெயிச்சா இங்கனயே இரு. இல்லன்னா குவைத்துக்குக் கிளம்பிரணும்" என்றார்.

சத்யபிரியா எப்போதும் முக்கால் மில்லிமீட்டர் ஷீட்டில்தான் செய்வாள். இந்த முறை அரை மில்லிமீட்டரில் செய்தாள்; எடை குறையும், ஆனால் சீக்கிரம் கிழியும். ஜாயிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து ஓட்டுவாள் என்று நினைத்தாள்.

வெளியே தூறல் என்பதால் போட்டி ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நடந்தது. இறுதிச் சுற்றில் ஜாயின் கார்தான் முன்னால் போனது. கடைசிக்கு முந்தின வளைவில் பின்னால் வந்த கார் லேசாக இடித்தது. பாடியைக் காரோடு பிடிக்கும் கிளிப்பின் துளையிலிருந்து பாடி கிழிந்தது. தொங்கிய துண்டு முன்சக்கரத்தில் சுருண்டுகொள்ள, கார் நின்றுவிட்டது. மற்ற கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஜாய் ரிமோட்டை அழுத்திக்கொண்டே நின்றாள்.

மூன்று வாரம் கழித்து தென்காசி ஸ்டேஷன். ஏசுவடியான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார்.

"ஜாய், அந்தப் பாடி அரை மில்லிதான்ட்டி. ஒன்ட்ட சொல்லாம செஞ்சிட்டேன்."

"தெரியும். கையில எடுத்ததுமே தெரிஞ்சிட்டு."

"பெறவு ஏன் ஓட்டுன?"

"பறந்துச்சுட்டி அது. அப்படி ஒரு கார நான் ஓட்டுனதே இல்ல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீ சொல்லியிருந்தாலும் அதத்தான் ஓட்டியிருப்பேன். சொல்லியிருக்கலாம்லா?"

ஏசுவடியான் பாட்டிலோடு திரும்பி வந்தார். ரயில் வந்தது. ஜாய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே நின்ற அப்பாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விட்ட பிறகுதான் சத்யபிரியாவைப் பார்த்தாள். ரயில் நகர்ந்துவிட்டிருந்தது.

"போட்டி முடியிற வரைக்கும் நான் டிக்கெட்டே போடலம்மா" என்றார் ஏசுவடியான். "எப்படியும் ஜெயிச்சிருவான்னுதான் இருந்தேன். பிள்ளைய அனுப்ப எனக்கு மனசே இல்ல."

சத்யபிரியா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜாய் அம்மைட்ட மட்டும் சொல்லிராத. அவ தாங்க மாட்டா."

பைக்கில் வீட்டில் விடுவதாகச் சொன்னார். அவர் பின்னால் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. "நடந்து போயிருதேன் மாமா" என்று சொல்லிவிட்டு, தூறலில் நனைந்துகொண்டே நடந்தாள்.