நாலு விரற்கடை

என் மனைவி மரியபுஷ்பத்தின் வலது முழங்கையில் இருப்பது அவள் பிறந்தபோது இருந்த மூட்டு அல்ல. அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். உலோகம் என்றால் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராகக் குப்பை கொட்டியவனுக்கு அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும்.

முடக்குவாதத்தில் ஏற்கெனவே தேய்ந்திருந்த கை அது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் முழங்கை நொறுங்கிப்போய், சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் இளஞ்செழியன் பொறுமையானவர். "அம்மா தானா எவ்வளவு மடக்க முடியுதோ அவ்வளவு போதும். யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது, எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

ஆறு வாரத்தில் அவள் கை மோவாய்க்குக் கீழே வரை வந்துவிட்டது. வாய்க்கு இன்னும் நாலு விரற்கடை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாலு விரற்கடைதான். தன் சோற்றைத் தானே பிசைந்து வலது கையால் சாப்பிட வேண்டும். இடது கை விரல்களும் வாதத்தில் கோணியவை. ஸ்பூனைப் பிடித்தால் பாதிச் சோறு மடியில் விழும். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வாள். "நான் என்ன தொட்டில் புள்ளயாங்க?" என்பாள். பேத்தி ஜெனிட்டா சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், எல்லோரும் எழுந்து போகும்வரை பசியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் தனியாகச் சாப்பிட்டாள். சேலையெல்லாம் குழம்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

போர் போடும் ராடுகளில் திருகு மரை இறுகிக்கொண்டால் பட்டறையில் என்ன செய்வோம்? எண்ணெய் விட்டு ஊறப் போடுவோம். பெரிய ரிஞ்சு ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. என் கைக்குக் கழலாத மரையை நான் பார்த்ததில்லை.

விருந்துக்கு மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளினேன். அவள் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். துண்டை எடுத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க, பரவால்லீங்க" என்பாள். முதல் வாரத்தில் ஒரு விரற்கடை குறைந்தது. நான் பழைய பட்டறைக்குப் போய் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் முழங்கை வீங்கியது, சூடு கண்டது. வீக்கம் வடிந்தபோது கை மோவாய்க்கும் வரவில்லை, நெஞ்சோடு நின்றுவிட்டது. இறுகுகிறதே என்று நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உலோக மூட்டைச் சுற்றி, எலும்பே இருக்கக் கூடாத சதைக்குள், வெள்ளை வெள்ளையாகப் புது எலும்பு படர்ந்திருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவில் உப்புப் படியுமே, அது மாதிரி.

"வீட்டுல யாராவது எண்ணெய் தேச்சு இழுத்து விட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், ஆரும் தொடலீங்க." நான் வாயைத் திறக்கும் முன்னே புஷ்பம் சொல்லிவிட்டாள்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. டாக்டர் அதை அப்படியே எழுதத் தொடங்கினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய் காகிதத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நாந்தானுங்க இழுத்தேன். ரெண்டு மாசமா, தெனமும்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா. சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சும்மாவே இப்படி வளரும். பலமா இழுத்தா அதுக்கான வாய்ப்பு கூடும்."

"அத வெட்டி எடுத்துருலாமுங்களா?"

"இப்பத் தொட்டா மறுபடியும் வளரலாம். மொதல்ல அது வளர்ந்து நிக்கட்டும். மாசக்கணக்குல ஆகும், ஒரு வருஷங்கூட ஆகலாம். அப்புறம் பார்ப்போம். எடுத்தாலும் திரும்ப வராதுன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"அது வரைக்கும் நான் என்னங்க பண்ணோணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க."

ஊர் திரும்பும் பஸ் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியது. அப்போது நான் கேட்டேன்.

"எதுக்குப் புள்ள பொய் சொன்ன?"

"உங்களத் திட்டீருவாருன்னு பயந்துட்டனுங்க" என்று சொல்லி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நான் செய்ததால் வளர்ந்ததா, தானாக வளர்ந்ததா? அது எனக்குச் சாகும்வரை தெரியப் போவதில்லை. குற்றவாளி என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுத் திரும்பினால், புஷ்பம் எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோளில் துண்டு.

"வேண்டாம் புள்ள. டாக்டர் சொன்னது காதுல உழுகலயா?"

"சும்மாவே வளருமுன்னுந்தான சொன்னாரு? மொத வாரம் நீங்க தள்ளித்தான கிட்ட வந்துச்சு? இன்னொருக்காத் தள்ளிப் பாருங்க. நான் கத்த மாட்டனுங்க."

கையை நீட்டினாள். அது பாதி மடங்கியபடியே வந்து நின்றது. நான் என் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டேன். அவள் கெஞ்சினாள். நான் அசையவில்லை. எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"என்ற கை உங்களுக்கும் சலிச்சுப் போச்சுங்களா?"

"இல்ல புள்ள" என்றேன். அவள் நம்பவில்லை. அவளை நம்ப வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கையைப் பிடித்துத் தள்ளுவதுதான்.