தம்பியின் ஈரலிலிருந்து எடுத்த அமீபா

தம்பி லாரி ஓட்டினான். வாயைத் திறந்தால் கேலிதான். ஆய்வுக்கூடத்தில் அமீபா வளர்க்கும் அக்காவை, "உன் புள்ளைங்க நல்லா சாப்பிடுதா?" என்று சீண்டாமல் விடமாட்டான்.

காய்ச்சலோடு வலது விலாவிலும் வலி வந்தபோது, மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தான். வழியில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஈரலில் கட்டி என்று தெரிந்தது. குடலுக்குள் புகுந்த அமீபா அங்கே ஏறி அரித்திருந்தது. மருந்து பிடிப்பதற்குள் கட்டி உடைந்து, ஆள் போய்ச் சேர்ந்தான்.

கட்டியிலிருந்து எடுத்த சீழ் அக்காவின் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் தலைமை ஆய்வாளர். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அதிலிருந்த அமீபாவைக் கண்ணாடிக் குழாய்களில் அவளே வளர்த்தாள்.

எந்த உயிரும் வளரப் புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் வேலையில் கைகொடுக்கும் காரணி ஒன்றை அமீபாவுக்குள் செயல்படாமல் அடக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதே அவளுடைய ஆய்வு. பலமுறை சொதப்பியது. கடைசியில் ஒருநாள் அது கைகூடியது. காரணியை அடக்கிய குழாயில் அமீபா பெருகவே இல்லை.

வீட்டில் சொன்னாள். மகன் போனதிலிருந்து வாசலைத் தாண்டாத அம்மா, நானும் பார்க்கணும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நுண்ணோக்கியில் அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"இத்துனூண்டுதானா?" என்றாள். பிறகு, மகள் இன்னொரு குழாயில் எதையோ ஊற்றுவதைக் கவனித்தாள். "அதுல என்ன ஊத்துற?"

"சாப்பாடும்மா. இதுல அந்தக் காரணிய அடக்கல. இது நல்லா வளந்தாத்தான் அதோட ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"இதுவும் அவன்கிட்டேருந்து எடுத்ததா?"

"ஆமாம்மா."

இதை வைத்துப் புது மருந்து எப்போது வரும் என்று கேட்டாள் அம்மா. வந்தாலும் பல வருஷமாகும், வராமலும் போகலாம் என்று மகள் உள்ளதைச் சொன்னாள்.

"கடைசியில அவனுக்கு ஒரு வாய் தண்ணி எறங்கல. நீ இதுக்கு ஊட்டுற."

அதற்குமேல் அம்மா நிற்கவில்லை. மகளால் உடனே பின்னால் ஓட முடியவில்லை. காற்றுப் பட்டால் அமீபா செத்துவிடும். குழாயை இறுக மூடி வைத்துவிட்டு ஓடியபோது, அம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மகள் பக்கத்தில் போய் நின்றாள். ஒரே பேருந்தில் வீடு வந்தார்கள்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா வந்து கதவைத் திறந்துவிட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.