சடையனுக்குப் போட்ட இலை

தாத்தாவாக இருப்பதைவிடச் சுகமான உத்தியோகம் மலாயாவின் சிகாமட் வட்டாரத்திலேயே கிடையாது என்பது ஐயாசாமியின் கட்சி. தோட்டத்துத் துரை, சீமையில் இருக்கிற கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கெழுதுகிற கிராணி துரையிடம் பல்லைக் காட்ட வேண்டும். கங்காணி பாவம், இரண்டு பக்கமும் இடிபடுகிற மத்தளம். பால்மரம் வெட்டி ஓய்ந்து, மகன் தங்கராஜு போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவனை எவன் என்ன கேட்கப்போகிறான்? ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கெட்ட காலத்திலும் அவர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை.

சிரிப்புக்கு முக்கியக் காரணம் பேத்தி புஷ்பவள்ளி. கிழவர் வாயில் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. மாலையானால் அவள்தான் வெற்றிலை பாக்கைச் சின்ன உரலில் போட்டு இடித்துக் கொடுப்பாள். முதல் சிட்டிகையைத் தன் வாயில் போட்டுக்கொண்டுதான் தாத்தாவுக்குத் தருவாள். வயசுப்பெண் வெற்றிலை போடுவதா என்று அவள் அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட, தாத்தாவும் பேத்தியும் வாயைத் துடைத்துக்கொண்டு பரம யோக்கியர்களாக உட்கார்ந்திருப்பார்கள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரை அவள் ஏன் தட்டிக் கழித்தாள் என்பதும் தாத்தாவுக்கு மட்டுமே தெரியும். ரயில் பாதையில் வேலை பார்க்கிற சின்னத்தம்பியைத் தீமிதித் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். கட்டினால் அவன், இல்லாவிட்டால் இப்படியே உங்களுக்கு வெற்றிலை இடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று உரலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அந்தச் சின்னத்தம்பி வேறு யாருமில்லை, ஐயாசாமியின் உயிர்ச் சிநேகிதர் மொக்கையனின் மகன் வழிப் பேரன். மொக்கையன் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பசாரில், தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடைக் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் பேச உட்கார்ந்தால் கடை சாத்துகிற நேரம்தான் எழுந்திருப்பார்கள். மொக்கையனைப் போல நல்ல மனிதர் கிடைக்கமாட்டார். ஆனால் வாய் மட்டும் ஓட்டைப் பானை. காலையில் அவர் காதில் ஒன்றைப் போட்டால் மத்தியானம் அது ரயில் ஏறிக் கிம்மாஸ் போய்ச் சேர்ந்துவிடும்.

சம்பந்தம் பேசியபோது மொக்கையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குலதெய்வம் எது? ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது. ஐயாசாமி கண்ணைச் சிமிட்டாமல் மதுரைவீரன் என்றார். பச்சைப் பொய். தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித் தொட்டிக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை அவர். எந்த ஊர் என்று தெரியாது. பெற்றவர்கள் தமக்கு வைத்த பேர்கூட மறந்துபோயிற்று. எடுத்து வளர்த்த சுண்ணாம்புக்காரர் வைத்த பேர்தான் ஐயாசாமி. குலதெய்வம் தெரியாதவன் என்றால் எவன் பெண் எடுப்பான்? கப்பலேறி வந்தவர்களில் பாதிப் பேர் பேரையும் ஊரையும் மாற்றிச் சொன்னவர்கள்தான், நாம் ஒரு சாமியை மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். மொக்கையன் தம் சாமி வேறு என்று திருப்தியோடு வெற்றிலையை மாற்றிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மாட்டுவண்டி எத்தனை வேண்டும் என்று கேட்டுவர ஐயாசாமி ஆற்றைக் கடந்து போனார். போன நேரம் அங்கே கன்னிப் படையல் நடக்க இருந்தது. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை எந்த வீட்டில் உண்டோ, அந்த வீட்டுக்கு அவள்தான் காவல். வீட்டில் நல்லது நடக்குமுன் அவளுக்குப் புதுப் பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிட வேண்டும். அந்நியர் பார்க்கக்கூடாத பூசை அது. ஐயாசாமி நகரப் பார்த்தார். நீங்க என்ன அந்நியரா என்று மொக்கையன் அவரைத் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்கார வைத்துவிட்டார்.

அறைக்குள் விளக்கு எரிந்தது. சிவப்புப் பாவாடை, கண்ணாடி வளையல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அதன்பின் மொக்கையனின் மருமகள் செல்வராணி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஐயாசாமி எட்டிப் பார்த்தார். வறுத்துத் தோல் உரித்து உப்புப் போட்டு வேகவைத்த புளியங்கொட்டை. எந்தச் சாமிக்கும் எவரும் புளியங்கொட்டை படைத்து அவர் பார்த்ததில்லை. என்ன இது என்று கேட்டார்.

மொக்கையன் குரலைத் தாழ்த்தினார். அது அவரிடம் யாரும் கேட்டிராத குரல். பஞ்சத்தில் தின்ன எதுவும் கிடைக்காமல் தம் தங்கை பேச்சி புளியமரத்தடியில் கொட்டை பொறுக்கி வருவாளாம். வறுத்து, ஊறவைத்து, தன் பல்லால் மென்று, கடைக்குட்டித் தம்பி வாயில் ஊட்டுவாளாம். அவனுக்குக் கடிக்கப் பல் போதாது. எல்லாவற்றையும் அவனுக்கே ஊட்டிவிட்டு அவள் ஒரு நாள் எழுந்திருக்கவில்லையாம்.

ஐயாசாமிக்குக் காது அடைத்துக்கொண்டது. நாக்கின்மேல் உப்புக் கரித்தது. மென்று கூழான, வெதுவெதுப்பான ஒன்றை ஒரு விரல் உள்ளே தள்ளுகிறது. அந்த விரலை அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அது ஏதோ கனவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மூச்சு விடுவதற்குள் செல்வராணி இரண்டாவது இலையைப் போட்டாள். அதில் ஒரு துண்டுக் கோவணம், ஒரு மண்பொம்மைக் குதிரை, கொஞ்சம் பொங்கல், ஒரு பிடி புளியங்கொட்டை. கஞ்சித் தொட்டியில் தொலைந்துபோய்ச் செத்த அந்தத் தம்பிக்கு என்றாள் அவள். மொக்கையன் கற்பூரத்தைக் கொளுத்திக் கண்ணை மூடினார்.

"பேச்சி, எம்மா, வந்து ஏத்துக்க. சடையா, அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு நீயும் வந்து சாப்டுட்டுப் போடா."

சடையன். வாய் தன்னாலே திறந்து "ம்" என்று சொல்லப் போயிற்று. ஐயாசாமி துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மறந்துபோன சொந்தப் பேரை ஒரு மனிதன் இப்படியா கேட்க வேண்டும்? உயிரோடு, குத்துக்கல்லாக உட்கார்ந்துகொண்டு, தமக்குப் போட்ட படையலைத் தாமே பார்க்கிறார். கற்பூரப் புகைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி நிற்பவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். முதுகில் உப்புமூட்டை தூக்கி நடந்த அண்ணன். இந்த அண்ணனைத் தேடித்தான் அவர் சின்ன வயசில் பார்க்கிற சந்தைக் கூட்டத்திலெல்லாம் முகம் முகமாகப் பார்த்து நின்றார்.

எழுந்து போய்க் கட்டிக்கொள்ளக் காலை மடக்கினார். மடக்கிய கால் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி அல்லவா. சின்னத்தம்பியும் புஷ்பவள்ளியும் ஒரே கொடியில் வந்த அண்ணன் தங்கச்சி. அடுத்த வாரம் பந்தலில் அவன் அவளுக்குத் தாலி கட்டப்போகிறான். மதுரைவீரன் என்று வாய்கூசாமல் சொன்ன பொய் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதை நினைப்பதையே அவர் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தங்கராஜு அவர் பெற்ற பிள்ளை அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில், காய்ச்சலில் செத்துப்போன ஒருத்தியின் பக்கத்தில் கிடந்து அழுத குழந்தை. ஐயாசாமியின் மனைவி கருப்பாயி தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். கரை இறங்கியபோது மகன் என்றே சொன்னார்கள். கருப்பாயி போய்விட்டாள். இது தெரிந்த உயிர் இப்போது அவர் ஒருவர்தான். ஆக, புஷ்பவள்ளி உடம்பில் ஓடுவது வேறு ரத்தம். கல்யாணத்தில் பாவம் இல்லை, தோஷம் இல்லை, ஒன்றுமே இல்லை.

நிம்மதியில் சிரிக்கக்கூடப் பார்த்தார். சிரிப்பு பாதியில் செத்தது. அண்ணே, நான்தான் சடையன் என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். கல்யாணம் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் தங்கராஜு என் மகனில்லை என்று அடுத்த மூச்சில் சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது? ஓட்டைப் பானையிடம். அது ஆறு தாண்டித் தங்கராஜு காதில் விழ எத்தனை நாழிகை ஆகும்? எங்கப்பா மூக்கு அப்படியே எனக்கு வந்திருக்கு என்று பார்க்கிறவனிடமெல்லாம் மூக்கைத் தடவிக் காட்டுகிற பிள்ளை அவன். அந்த மூக்கை இனி அவன் எப்படித் தொடுவான்?

அண்ணனா, மகனா? தெய்வம் இப்படியும் ஒரு மனுஷனைக் கேள்வி கேட்குமா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

பூசை முடிந்து மொக்கையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. வாயில் எதுவும் நிற்காத அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க வெளியே விடாத ஒன்றை அன்றைக்குச் சொன்னார்.

"அவன் தொலையல சம்பந்தி. நாந்தான் கையை விட்டேன். என் கஞ்சி எங்க தீந்துருமோன்னு முண்டியடிச்சு முன்னால போனேன். திரும்பிப் பாத்தா புள்ளைய காணோம். இன்னைக்கும் சோத்துல கை வச்சா அந்த நெனப்புத்தான்."

ஐயாசாமிக்கு நடந்தது வேறு மாதிரி நினைவிருந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புப் பாவாடை தெரிந்தது. அக்காதான் என்று நினைத்தார். அண்ணன் கையை உருவிக்கொண்டு ஓடினார். ஓடிப் பார்த்தால் வேறு யாரோ ஒரு பெண். திரும்பினால் அண்ணன் இல்லை. இதைச் சொல்லாமல் இந்த மனிதரை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. சொல்லவும் முடியாது.

"சின்னப் புள்ளைங்க கையை நாம விடுறதில்ல சம்பந்தி," என்றார் மெதுவாக. "அதுங்களா உருவிக்கிட்டு ஓடிரும். அவன் அவனோட அக்காளத் தேடி ஓடியிருப்பான்."

மொக்கையன் அவரை உற்றுப் பார்த்தார். பேச்சி செத்தது தம்பிக்குத் தெரியாது, கஞ்சித் தொட்டியில் அக்கா காத்திருக்கிறாள் என்று பொய் சொல்லித்தான் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன் என்றார். சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாரம் இறங்குகிற அழுகை அது. ஐயாசாமி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

செல்வராணி இரண்டாவது இலையைச் சுருட்டப் போனாள். செத்த பிள்ளைக்கு வைத்ததை வீட்டில் யாரும் தொடுவதில்லை, ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஐயாசாமி அந்த இலையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமா, அது ஆகாது, கல்யாண நேரத்தில் அதைத் தொடாதீங்க என்று அவள் பதறினாள். அவர் காதில் வாங்கவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொங்கலை வழித்துத் தின்றார். புளியங்கொட்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பல்லில்லாத வாயில் அது இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருண்டது. சம்பந்திக்கு என்ன வந்தது என்று வீடே மலைத்துப்போய் நின்றது. மொக்கையன் மட்டும், தின்னட்டும் விடு, யாராவது தின்றால் சரி என்றார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ரப்பர் விலை விழுந்த வருஷத்திலும் மேளம் குறையவில்லை, சோறு குறையவில்லை. தாலி ஏறியபோது புஷ்பவள்ளி மாலைக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தித் தாத்தாவைத் தேடினாள். தங்கராஜு வந்தவர்களையெல்லாம் இழுத்துவந்து எங்கப்பா, எங்கப்பா என்று காட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் ஐயாசாமியின் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. செய்தது சரி என்றும் தோன்றிற்று.

பந்தி நடக்கும்போதுதான் காது அவரைக் கொல்லத் தொடங்கியது. அண்ணே சோறு பத்தல என்று சமையற்காரன் மொக்கையனைக் கூப்பிட்டான். அண்ணே காப்பி குடுங்க என்றான் மேளக்காரன். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வந்திருந்த இட்ரிஸ்கூட, பசாரில் கேட்டுப் பழகிய பழக்கத்தில், அண்ணே என்றார். பழகிய காலமெல்லாம் ஐயாசாமியும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? தாம்பூலம் மாற்றிய அன்றுதான் அது சம்பந்தியாயிற்று. இனி பெண் வீட்டுக் கிழவன் மாப்பிள்ளை வீட்டுக் கிழவனை அண்ணே என்றால் முறை கெட்டுவிட்டது என்று ஊர் சிரிக்கும். ஊரில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூடப்பிறந்தவன் ஒருத்தன் மட்டும் சாகிறவரை கூப்பிடக் கூடாது.

மொக்கையன் ஒரு கள்ளுப் போத்தலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வருஷக்கணக்காக இல்லாத தூக்கம் இந்த வாரம் வந்தது என்றார். தோளால் இடித்தார்.

"என்ன, ஒண்ணும் பேசமாட்டேங்கிறீங்க?"

ஐயாசாமி வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல, சம்பந்தி," என்றார்.