ஒத்தைக் கப்பு

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை நடத்துகிறவள் நான். ஒரு பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்தாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் என் மகன் மகிழன், வேலைக்குப் போன ஜப்பானிலிருந்து ஒரு கப்பைக் கொண்டுவந்து நீட்டினான். கைப்பிடி இல்லை. ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. வைக்கோல் சாம்பலும் கல்பொடியும் கரைத்துப் பூசி, விறகுச் சூளையில் வைத்துச் சுட்டதாம். பூச்சு பச்சையாக வழிந்து வந்து, அடிக்குச் சற்று மேலே ஒரு சொட்டாக உறைந்து நின்றது. அதற்குக் கீழே வெறும் மண்.

"ஏலே, கம்பெனிக்காரன் இப்பிடி அனுப்பியிருந்தா லாரியோட திருப்பி விட்டிருப்பேன்."

"குடிச்சுப் பாரும்மா."

எங்கள் வீட்டில் யாரும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. தூக்கித்தான் குடிப்போம். தூக்கினேன். விளிம்பு தடிமன்; டீ தாடையில் வழிந்து சேலையை நனைத்தது. பயல் விழுந்து விழுந்து சிரித்தான். போடா என்று வாய் வைத்தே குடித்தேன். அட! கையும் சுடவில்லை, உதட்டுக்கும் அவ்வளவு இதம். அன்றிலிருந்து காலை டீ எனக்கு அதில்தான். வேறு யாராவது தொட்டால் கத்துவேன்.

மகிழன் கயலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். உத்தமபாளையம் கல்லூரியில் கூடப் படித்தவள், மேகமலைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். எங்கள் ஜாதி இல்லை. நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். என் அண்ணன் முத்துராஜா முறைத்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார், நடக்கவில்லை. ஆனால் கயலின் அப்பா சின்னக்கருப்பு மசியவில்லை. அந்த வீட்டில் உன்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று மகளிடம் சொன்னாராம். அப்பா சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். மகிழன் பாதி ஆளாகிப் போனான். கடைசியில், ஒரே ஒரு தடவை வீட்டை வந்து பார்ப்பதாக அவர் ஒத்துக்கொண்டார்.

சின்னமனூர் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து இறங்கினார். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்துதான் பேசினார். டீ போட்டேன். வந்தவருக்கு இருப்பதிலேயே உசத்தியானதில் கொடுக்க வேண்டாமா? அண்ணனுக்கும் மகிழனுக்கும் எனக்கும் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு என் ஜப்பான் கப்பை எதிரே வைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. எங்கள் மூவர் கைகளையும் பார்த்தார். அப்புறம் கோணலாக நின்ற கப்பைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் வேறயா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஐயோ மாமா, அது ஜப்பான்ல..." என்று மகிழன் பதறினான்.

"எந்த ஊரா இருந்தா என்ன தம்பி? டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாஸு வச்சிருந்தாக. குடிச்சு, கழுவி, கவுத்திட்டு வரணும்." துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் ஆளு பாத்தா யாவாரம் பண்றேன்? உங்காளுக கல்யாணத்துக்கு எத்தனை சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுத்திருக்கேன்!"

"கடையில சரி. இந்த வீட்டுக்குள்ள எங்காளுக யாரு வந்து டீ குடிச்சிருக்காக, சொல்லுங்க கடைக்காரம்மா."

அப்படி யாரும் வந்ததில்லை.

"டம்ளர்ல ஊத்திக் குடுத்துருத்தா," என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தார். மாற்றிக் கொடுத்தால் சின்னக்கருப்பு நினைத்ததுதான் சரி என்றாகிவிடும். நான் எழுந்துபோய் வாசலை மறித்து நின்றேன்.

"நில்லுங்கண்ணே. அது என் கப்பு. தெனமும் நான் வாய் வச்சுக் குடிக்கிறது. இருக்கதுலயே நல்லதைக் குடுப்போம்னு நெனச்சேன். உங்களுக்கு எப்பிடிப் படும்னு யோசிக்கல, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஆனா மாத்திக் குடுக்க மாட்டேன்."

"நீங்க வாய் வச்சுக் குடிக்கிறதா?"

"ஆமா. நீங்க குடிச்சாலும் நாளைக்கு எனக்கு அதுலதான்."

"நாளைக்கு யாரு கண்டா?" என்றார். திரும்பிப் போய் நின்றபடியே கப்பை எடுத்தார். உதட்டை நன்றாகப் பதித்து இரண்டு மடக்குக் குடித்தார். மிச்சத்தோடு கப்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அன்னத்தாயி!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

எனக்கென்ன யோசனை? எடுத்தேன். தூக்கவில்லை. அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கப்பைக் கவிழ்த்தும் காட்டினேன்.

சின்னக்கருப்பு மெல்ல உட்கார்ந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தூளை எங்கன வாங்குனீக? வாயில வைக்க முடியல. எங்க மலைத் தூளு கொண்டாரேன், தங்கச்சி."

அப்புறம் மகிழனிடம் திரும்பினார்.

"மாப்ள, ஒத்தையா வாங்கியாந்ததாலதான இத்தனை சண்டை? அடுத்த தடவை கயலையும் கூட்டிட்டுப் போயி ஆளுக்கொண்ணா வாங்கியாங்க. இந்தா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காகள்ல உங்க மாமா, அவுகளுக்கும் சேத்து."