பலகையில் வளர்ந்த முடி

சால்ட்பாண்ட் கடற்கரைச் சாலையில் ஏக்கோ பென்ட்சிலின் கடையில் ஒருமுறை முடிவெட்டிக்கொண்ட எவருக்கும் அதன்பின் முடி வளரவில்லை. காரணம் கடைப் பலகை. அந்த ஊரில் ஆங்கிலப் பெயர் இல்லாமல் யாரும் கடை திறப்பதில்லை. அதிலும் என்றைக்கும் அழியாததைச் சொல்லும் வார்த்தைகளுக்குத்தான் கிராக்கி. துணிக்கடைக்காரி ‘ஃபாரெவர்’ வாங்கினாள், குளிர்பானக் கடைக்காரன் ‘எவர்லாஸ்டிங்’ வாங்கினான், சவப்பெட்டி செய்பவர் இரண்டையும் சேர்த்து வாங்கினார். ஏக்கோவின் பலகை சிறியது. அதனால் பெயிண்டர் ஆட்டோ க்வான்சா, அதில் அடங்குகிற மாதிரிப் பார்த்து ‘எட்டர்னல்’ என்று எழுதிக்கொடுத்தார். கீழே, வழக்கப்படி, வகைக்கொன்றாக முடிவெட்டிய மூன்று ஆண் தலைகள்.

பலகை ஏறிய வாரமே அராபா மென்சிமாவின் தாய்மாமன் இறந்துபோனார். குடும்பத் தலைவர் என்பதால் ஆண், பெண் எல்லோரும் மொட்டையடிக்க வேண்டும். திரும்ப முடி வளரும்வரை துக்கம். அதுவரை கறுப்புத் துணிதான், கல்யாணம் கிடையாது. அராபா எதிர்ச்சாரியில் மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து கென்கி அவித்து விற்பவள். ஏக்கோவுக்கு அவளைப் பேசி முடித்து, பெண் கேட்கும் சாராயப் புட்டிகளும் கொடுத்தாகிவிட்டது. சாவுதான் என்றாலும் இத்தனை தலைகள் ஒரே நாளில் வருகின்றனவே என்று ஏக்கோவுக்கு உள்ளூரச் சந்தோஷம். வரிசையாக உட்காரவைத்து மழித்தான். அராபாவின் தலையைத் தானே, வேறு யாரையும் தொடவிடாமல், பளபளவென்று மழித்தான்.

மழைக்காலம் போய், ஹர்மட்டான் காற்று வந்து, புழுதியைக் கொட்டிவிட்டுப் போனது. ஒரு மயிரும் முளைக்கவில்லை. அழகாக வெட்டிக்கொண்ட இளைஞர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். கல்லூரிக்குப் போனவன் அதே தலையோடு பட்டம் வாங்கித் திரும்பினான். ஏக்கோவின் கத்திரி துருப்பிடித்தது. அராபாவின் குடும்பம் மூன்று வருடமாகக் கறுப்பில் நின்றது.

“ஏன்யா, ஊர்ல அவனவன் முடி வெட்டுவான். நீ என் கல்யாணத்தையே வெட்டிட்டியே” என்றாள் அராபா, மீன் பொரித்துக்கொண்டே.

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் வார்த்தை போகவில்லை. ஏக்கோ பெயிண்டரிடம் ஓடினான். “அண்ணே, சீக்கிரம் முடியற மாதிரி வேற ஒரு வார்த்தை எழுதுங்கண்ணே.”

“அப்படி ஒண்ணு எங்கிட்ட இல்லப்பா. முடியறதுக்குப் பேர் எழுதச் சொல்லி இதுவரைக்கும் யாரு வந்தா?”

அராபா வேறொன்று கேட்டாள். தனக்கு முடி இருந்ததை ஊர் மறந்துவிடும். தன் தலையையும், பழைய கொண்டையோடு, அந்தப் பலகையில் வரைய வேண்டும். பெயிண்டர் முகத்தை வரைந்தார், காதை வரைந்தார், உச்சந்தலைக்கு வரும்போது கறுப்பு தீர்ந்துவிட்டது. வாங்கி வருகிறேன் என்று போனவர் சாராயக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள் கடை திறந்த ஏக்கோ, பலகையிலிருந்த மொட்டைத் தலையில் விரலை வைத்தான். சொரசொரவென்றிருந்தது. அடுத்த மழைக்குள் முடி சுருண்டு, பலகையை விட்டு வெளியே தொங்கி, காற்றில் ஆடியது. அதில் அராபா முன்பெல்லாம் தலையில் தடவும் ஷியா வெண்ணெயின் வாசனை.

செய்தி போய், குடும்பத்தின் மூத்த பெண்மணி எசுவோன் பெரியவர்களோடு வந்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. “அராபா தலையில முடி வளரணும்னுதான் வழக்கம். இது அராபா தலைதானா, அதை மட்டும் பாப்போம்” என்று சொல்லி, தொங்கிய முடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

எதிர்ச்சாரியில், கென்கிப் பானையின் முன்னால், முண்டாசு கட்டிய அராபா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ! எவடி அவ?” என்று அலறினாள்.

“அவதான்” என்றார் எசுவோன்.

அங்கேயே தரையில் சாராயம் ஊற்றி, அவள் துக்கம் முடிந்ததென்று முன்னோருக்குச் சொன்னார்கள். அராபா வெள்ளைத் துணி உடுத்தினாள். அடுத்த சனிக்கிழமை கல்யாணம். “நம்ம வீட்டு வாசல்ல என்ன வேணா எழுது. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். உன்னோட எத்தனை நாள்னு நான் பாத்துச் சொல்றேன்” என்று அவள் சொன்னதில், பெயிண்டரிடம் வேறு வகை வார்த்தை இல்லாமல், வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருக்கிறது. துக்கத்தில் மீந்திருந்த மாமன்மாரும் அத்தைமாரும் தங்கள் தலைகளையும் வரையச் சொல்லி வந்தார்கள். ஒரே தலையலங்காரம் சலித்துப்போன இளைஞர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். பலகையில் இடம் போதாமல் ஏக்கோ பக்கத்துச் சுவரையும் வாடகைக்கு எடுத்தான்.

இப்போதும் சனிக்கிழமை காலையில் அவன் ஏணி போட்டு ஏறி முதலில் மனைவியின் தலையைத்தான் சீர்செய்கிறான். தெருவுக்கு அந்தப்புறம் அராபா கழுத்தை நெளித்துக்கொண்டு, கென்கியை இலையோடு எடுத்துக் கொடுத்தபடியே கத்துகிறாள்: “காதுகிட்ட பாத்துய்யா, கூசுது!”