தவக்காலம் முடியட்டும்

கண்ணாடி வளையல்களைப் பழைய வெள்ளைத் துண்டில் கொட்டி, விரிசல் விட்டது ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் புஷ்பம். எதிரே, வீங்கிய கால்களை முக்காலியில் தூக்கி வைத்தபடி மருமகள் ஈவ்லின் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். ஏழாம் மாதமே நடந்திருக்க வேண்டிய வளைகாப்பு. அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. கறி மீன்கூட ஒதுக்கிவிடும் வீட்டில் விசேஷம் எப்படி வைப்பது? ஈஸ்டர் முடியட்டும் என்றாள் புஷ்பம். வளைகாப்போடு சேர்ந்து டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியும் தள்ளிப்போனது. கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், தவக்காலம் முடியட்டும், வளையல் ஏறட்டும், பிறகு பார்க்கலாம். ஈவ்லினுக்கும் அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. மாமியாரிடம் விட்டுக்கொடுக்க வேண்டிய பல விஷயங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்று டாக்டர் கடிந்துகொண்டாள். "பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. ரொம்ப நாள் விட்டுவைக்க மாட்டேன், முன்னாடியே குழந்தையை எடுக்க வேண்டி வரலாம். ஊசி போட்டு, உங்க உடம்புல உண்டாகுற எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர ரெண்டு வாரமாவது வேணும். நாளைக்கே வாங்க."

அந்த 'நாளை' இது. வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை.

"திங்கக்கிழமை காலையில நானே கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போவுது?" என்றாள் புஷ்பம்.

வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த பென்னி சிரித்தான். "ஒரு ஊசிக்கு ஒரு மாநாடா? திங்கக்கிழமை போலாம், ஈவி."

பின்கட்டுக் கதவோரம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பென்னியின் அக்கா செல்வமேரி, வளைகாப்பு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பம்மலில் தோல் பைகள் தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. இன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரே பிள்ளை ஜெஃப்ரி, ஒரு மாதக் கைக்குழந்தையாகவே போய்விட்டான். ஈவ்லின் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது அது. மூச்சுத் திணறல் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை சமையல்கட்ட நான் பாத்துக்கறேம்மா" என்று போன வாரம் செல்வமேரி தானாகவே சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வளையல் தட்டைத் தொட வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் வாய் மூடுவதற்குள் புஷ்பம் "சரி" என்றாள். பெற்ற தாயின் வாயிலிருந்து அவ்வளவு வேகமாக வந்த அந்தச் "சரி"யை ஈவ்லினால் மறக்க முடியவில்லை.

"ஏற்கெனவே ரெண்டு ஊசி போட்டாச்சு" என்றாள் புஷ்பம். "நானும் ரெண்டு பெத்தேன். இத்தன ஊசிய கண்ணால பாத்தேனா?"

"அது ரணஜன்னிக்குப் போட்ட டி.டி. அத்தை. அதுல கக்குவான் இருமலுக்கு மருந்து இல்லையாம்."

மெஷின் நின்றது. புஷ்பத்தின் விரல்களுக்கிடையே இருந்த வளையல் அப்படியே நின்றது. பென்னி நிமிரவில்லை. ஷூ கயிற்றைப் பிடித்த கையோடு, "ஈவி, உள்ள போய்ப் படு" என்றான் மெதுவாக. அந்தக் குரலில்தான் ஈவ்லினுக்கு விளங்கியது. இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத நோயின் பெயரை அவள் சொல்லிவிட்டாள்.

செல்வமேரி திரும்பாமலே கேட்டாள். "குழந்தைக்கு அந்த ஊசி ஒன்றரை மாசத்துலதானே போடுவாங்க?"

"ஆமா அண்ணி. அதுவரைக்கும் அம்மாகிட்டேர்ந்து போறதுதான் காவல்னு டாக்டர் சொன்னாங்க."

"எனக்கு யாரும் சொல்லல." அவள் ரவிக்கையை மடியில் வைத்து நீவினாள். "அவன் இருமவே இல்ல ஈவ்லின். இருமத் தெம்பிருந்தாத்தானே. மூச்ச நிறுத்திடுவான். உதடு நீலமாயிடும். முதுகத் தட்டுவேன், திரும்பி வரும். அப்புறம் ஒருதரம் வரல. பாக்க வந்தவங்க எத்தன பேர் கொஞ்சினாங்க, யார் இருமினாங்க... யாரன்னு சொல்றது?"

"செல்வி! நல்ல காரியம் நடக்கப்போற வூட்ல..."

"அதனாலதாம்மா சொல்றேன்." அவள் எழுந்தாள். "செருப்பப் போடு ஈவ்லின். ஆட்டோ புடிக்கறேன்."

"நீயா கூட்டிட்டுப் போவ?"

அந்த "நீயா"வைக் கேட்டதும் செல்வமேரியின் கண்கள் தரையைப் பார்த்தன. ஈவ்லின் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். "ஆமா அத்தை. அண்ணியோடதான் போறேன்."

"இருங்க, நானும் வரேன்" என்று ஒற்றை ஷூவோடு தடுமாறினான் பென்னி.

"நீ ஆபீஸ் போடா, திங்கக்கிழமைக்காரா" என்றாள் அக்கா.

ஆட்டோ சேலையூர் தாண்டி கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்தது. செல்வமேரி சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி, ஈவ்லினின் மேல் படாதபடி நடுவில் பையை வைத்திருந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் அவள் கை ஈவ்லினைப் பிடிக்க எழும்பி, பாதியில் நின்று, கம்பியைப் பற்றியது. கர்ப்பிணிகளிடமிருந்து விலகி நிற்க அவள் எப்படிப் பழகிப்போயிருக்கிறாள் என்று ஈவ்லின் கவனித்தாள். குழந்தை பிறந்த பிறகும் இப்படித்தான் தொட்டிலை விட்டு எட்டவே நிற்பாளோ? தோளைத் தொட்டு ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் இரக்கம் காட்டியதாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஒரு நொடியில் முடிந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஈவ்லினிடம் டாக்டர் கேட்டாள். "வீட்ல குழந்தையைத் தூக்கப்போறவங்களும் இதப் போட்டுக்கறது நல்லது. யார் யார் இருக்கீங்க?"

"வீட்டுக்காரர், அத்தை." ஈவ்லின் ஒரு கணம் நிறுத்தினாள். "அப்புறம், இவங்க."

"நான் இல்ல டாக்டர்" என்றாள் செல்வமேரி அவசரமாக. "நான் குழந்தைங்களத் தூக்கறதில்ல."

"நான் திரும்ப ஸ்கூல் வேலைக்குப் போனா பிள்ளைய யார்கிட்ட விடுவேன், அண்ணி?"

"அம்மா இருக்காங்க."

"அத்தைக்கு மூச்சு நிக்குறது எப்படியிருக்கும்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று ஈவ்லினுக்கு உறைத்தது. திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. செல்வமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறேதாவதா, தெரியவில்லை.

"என்னக்கா, போடவா, வேணாமா? வெளியில கூட்டம் நிக்குது" என்றாள் நர்ஸ் சுஜி.

செல்வமேரி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே வைத்து, பச்சைக்குழந்தை மூடுவதைப்போல, கையை இறுக மூடியிருந்தாள்.

"கைய லூசா விடுங்கக்கா. இறுக்குனா வலிக்கும்."

ஒவ்வொரு விரலாக விரிந்தது. ஊசி ஏறி, பஞ்சு வைத்து, சுஜி அடுத்தவரைக் கூப்பிடப் போன பிறகும், மடியில் மல்லாந்து கிடந்த அந்தக் கையைச் செல்வமேரி மூடவில்லை.