எந்த மஞ்சள்

வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். மனைவியின் அண்ணன். ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அம்மாவின் முகத்தை, வண்டியில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் பார்த்தார். அந்த ஆதங்கம் அவரை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை.

"கடைசியில பக்கத்துல யாரு இருந்தா மாப்பிள்ளை?"

"நான்தான் மச்சான்."

"ஏதாவது சொன்னாங்களா?"

மாப்பிள்ளை கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தார். அந்த வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. மாமியார் கூப்பிட்டு, மச்சான் கூப்பிட்டு, கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். அத்தை கடைசியாகச் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதை, இரவெல்லாம் ரயிலில் அழுதுகொண்டு வந்த மகனிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணும் சொல்லலை. அமைதியா போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அமைதியாகப் போனது உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கே தெரியாத அளவுக்கு அமைதி. நேற்று மதியத்திலிருந்து அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

அத்தை வேலைக்காலம் முழுவதும் ஒரு திரையரங்கின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஜன்னலில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக அவர் பார்த்ததெல்லாம் கைகள். முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரின் அந்தப் பக்கம் படம் ஓடும். தினமும் மூன்று காட்சி, வாரக்கணக்கில் அதே வசனம் காதில் விழுந்துகொண்டிருக்கும். யார் யாரை ஏமாற்றினார்கள், யார் கடைசியில் திருந்தினார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. உள்ளே போய் உட்காரத்தான் வாய்க்கவில்லை. டிக்கெட் கொடுத்து முடித்தால் கணக்கு, கணக்கு முடிந்தால் அடுத்த காட்சிக்கு வரிசை, அதுவும் முடிந்தால் வீட்டில் பசியோடு இரண்டு பிள்ளைகள்.

ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தார் என்பதைவிடக் கண்ணால் சாப்பிட்டார் என்று சொல்லலாம். "கொஞ்சம் நிறுத்துங்க மாப்பிள்ளை" என்பார். திரையில் கதாநாயகன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பான். அத்தை அவனைச் சட்டை செய்யாமல் அவனுக்குப் பின்னால் காற்றில் புடைத்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். படிக்கட்டு, மழை வழிகிற கண்ணாடி, காலி நாற்காலி ஒன்றின்மேல் விழுந்த வெயில், எதற்கு வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்வார். இரண்டு மணி நேரப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கிவிடும்.

மாப்பிள்ளைக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் ஒரு படத்தின் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிடுவார். உடன் வேலை செய்கிறவர்கள் அதற்காகவே அவரைச் சுற்றி உட்காருவார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு பார்க்க வேண்டாமா அத்தை?"

"கதையெல்லாம் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. படம்தான் பாக்கி."

அதற்குப் பிறகு மாப்பிள்ளை ரிமோட்டைக் கையில் தயாராகவே வைத்துக்கொண்டார். எங்கே நிறுத்தச் சொல்வார் என்று முன்கூட்டியே ஊகிப்பது அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. பெரும்பாலும் தோற்றுப்போவார். அம்மாவும் புருஷனும் சேர்ந்து பண்ணுகிற கூத்தைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் நோய் வந்து, உடம்பைப் பாதியாக்கி, கடைசியில் கண்ணிலும் கை வைத்தது. வெளிச்சமும் நிழலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. "மறுபடியும் சுவருக்கு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்துட்டேன் மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றிலிருந்து படத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்குத் தெரிந்தபடி சொன்னார். அவள் வீட்டுக்கு வருகிறாள், கோபமாக இருக்கிறாள் என்றார். கோபம் எனக்கே கேட்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது அதைச் சொல்லுங்கள் என்றார் அத்தை. மாப்பிள்ளை தடுமாறினார். ஜன்னல் என்றார். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேள்வி வந்தது. ஒண்ணுமே நடக்கலையே அத்தை, சும்மா நிக்கிறா என்று ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, "சும்மா நிக்கிறதச் சொல்லுங்க" என்றார், குழந்தை மிட்டாய்க்கு அடம்பிடிப்பதைப் போல.

நேற்று மதியம் மனைவி மருந்து வாங்கக் கிளம்பினாள். "அம்மாவப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தைக்குப் பேச்சு குறைந்திருந்தது, ஆனால் விரலால் தொலைக்காட்சி இருந்த பக்கத்தைக் காட்டினார். மாப்பிள்ளை முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து போட்டார். ஒருத்தி வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். விளக்கைப் போடவில்லை. நடையின் கடைசியில் சமையலறைக் கதவு பாதி திறந்திருக்க, உள்ளே இருந்து மஞ்சள் வெளிச்சம் வருகிறது. அதைச் சொன்னார்.

"எந்த மஞ்சள்?"

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மஞ்சள் என்றால் மஞ்சள்தானே என்று இத்தனை நாள் இருந்துவிட்டவர், அப்போதுதான் அது கதவோரத்தில் வெளுத்தும் தரையில் பழுத்தும் இருப்பதைக் கண்டார். அவள் கையில் பிடித்திருந்த செருப்பின் வார் தொங்குவதைக் கண்டார். மூலையில் சாய்த்திருந்த குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்த வெளிச்சத்தில் ஒரு கோடாக மின்னுவதைக் கண்டார். சொல்லிக்கொண்டே போனார். கேள்வி கேட்க இடமே வைக்காமல் சொன்னார். இந்த இடத்தில் நிறுத்தச் சொல்வார் என்று உறுதியாகத் தோன்றியதும், முந்திக்கொண்டு நிறுத்தினார். இந்தத் தடவை தான் ஜெயித்துவிட்ட பெருமையோடு திரும்பினார்.

அத்தையின் முகம் தொலைக்காட்சி இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. மூச்சு இல்லை.

முதலில் தொலைக்காட்சியை அணைத்தார். அதற்குப் பிறகுதான் மனைவிக்கு போன் செய்தார். அந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. உயிர் எப்போது போனது என்று டாக்டர் கேட்டபோது, மூணு மணி வாக்குல இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லி வைத்தார்.

நாற்காலிக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. மச்சான் களைத்துப்போய்க் கூடத்தில் படுத்துவிட்டார். மாப்பிள்ளை அத்தையின் அறைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய உறையை மடியில் வைத்து, மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"கடையில எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான் நின்னாங்க" என்றாள். "மருந்தே வேண்டாம்னு திரும்பி வந்திருக்கலாம்."

உறையை மறுபடியும் பிரித்தாள்.

"என்னைத் தேடினாங்களா?"

தேடினாங்க, உன் பேரைச் சொன்னாங்க என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஆயுசுக்கும் போதுமான ஆறுதல் அது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அத்தை இருந்த அறையில், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நான் பார்க்கலை மா" என்றார். "நீ பார்த்துக்கச் சொல்லிட்டுப் போன. நான் டிவியப் பார்த்துட்டு இருந்தேன். அவங்களுக்குச் சொல்லிட்டே இருந்தேன். திரும்பிப் பார்க்கிறப்போ இல்ல. எப்பப் போனாங்கன்னே எனக்குத் தெரியாது."

மனைவியின் கை நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"படம் பார்த்துட்டா இருந்தாங்க?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"என்னைத் தேடலை."

"இல்ல மா. மஞ்சளைத்தான் தேடினாங்க. எந்த மஞ்சள்னு கேட்டாங்க. அதுதான் கடைசி."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து அவர் ஓர் எட்டு முன்னால் வைத்தார். பாதி சிரிப்பு. மீதி அழுகைதான். உறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறை இல்லாத தலையணையில், அம்மா படுக்கிற பக்கமாகவே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லுங்க."

தொலைக்காட்சி அறை வாசலை ஒட்டி ஒரு மேசைமேல் இருந்தது. மாப்பிள்ளை அதைப் போட்டார். திரையில், விட்ட இடத்திலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள், செருப்பைக் கையில் பிடித்தபடி.

"நடை" என்றார். "நீளமா, இருட்டா இருக்கு. கடைசியில சமையலறைக் கதவு பாதி திறந்திருக்கு. அவ இன்னும் உள்ள போகலை. அங்கேருந்து வெளிச்சம் வந்து தரையில விழுது. மஞ்சளா."

"எந்த மஞ்சள்?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். பிறகு கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுச் சமையலறையில் யாரோ விளக்கை அணைக்காமல் விட்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் நடை வழியாக வந்து, வாசற்படியைத் தாண்டி, கட்டில்வரை நீண்டிருந்தது. நடுவில் அவர் நின்றதால் அவள் முகத்தில் மட்டும் நிழல் விழுந்திருந்தது. அவர் ஓரமாக நகர்ந்து நின்றார்.